நள்ளிரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்?

2024 நவம்பரில், சென்னைப் புறநகரான குன்றத்தூரை அடுத்த நந்தம்பாக்கத்தில் ஒரு தம்பதியர், வாட்ஸ்அப் குழுவொன்றின் ஆலோசனைகளைத் துணையாகக் கொண்டு, தங்கள் மூன்றாம் குழந்தையை வைத்தியர் உதவியின்றி வீட்டிலேயே பெற்றுக்கொண்ட செய்தி வெளியானபோது, ஆயிரம் பேருக்கு மேல் அங்கம் வகித்த அந்தக் குழுவைப் பற்றியும், சுகாதாரத் துறையினர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரைப் பற்றியும் ஜனங்கள் பல நாள் பேசினார்கள். மருத்துவக் கல்லூரிகள் நாற்புறமும் எழும்பியிருக்கும் ஒரு வட்டாரத்தில், ஒரு குடும்பத்துக்கு ஆஸ்பத்திரியைவிட வீட்டுப் படுக்கையறை பத்திரமானதாகத் தோன்றியது ஏன் என்ற கேள்வி மட்டும் அந்தப் பேச்சில் அதிகம் எழவில்லை.

விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36 சதவீதம், தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8 சதவீதம். 2015–16இல் நடந்த முந்தைய ஆய்வில் மாநிலத்தின் மொத்த விகிதம் 34.1 மட்டுமே. இந்தச் சில வருஷங்களுக்குள் தமிழ்ப் பெண்களின் தேகவாகு மாறிவிட்டதென்று எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லவில்லை. ஆகையால் கத்திக்கு அஞ்சுகிறவர்களை அறிவிலிகள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமாகாது.

அச்சம் நியாயமானதென்றாலும், அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு அபாயகரமானது. 2018இல் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நிகழ்த்த முற்பட்ட ஒரு குடும்பத்தில் குழந்தை பிறந்தது. தாய் இரத்தப்போக்கினால் உயிர் துறந்தார். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 என்ற அளவுக்குத் தமிழ்நாட்டின் பேறுகால மரணம் குறைந்து நின்றதும் (2018–20ஆம் ஆண்டுகளின் கணக்கு இது, அப்போது இந்தியாவின் சராசரி 97, கேரளத்தின் கணக்கு 19), ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரிகளில் நடக்கும் நிலையை இந்த மாநிலம் எய்தியதும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை அல்ல. ஆகவே, ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்பது தீர்ந்துபோன விவாதம். எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதில்தான் நமக்குத் தெளிவு போதவில்லை.

எதைப் பார்த்துத் தேர்கிறோம்?

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களிலும் தெருவுக்கொரு மகப்பேறு மருத்துவமனை இருக்கக் காண்கிறோம். கலியாண மண்டபம் பார்க்கப் போகிறவர்களைப் போலவே நம்மவர்கள் இவற்றையும் சுற்றிப் பார்க்கிறார்கள்: அறையில் ஏ.சி. உண்டா, துணைக்கு இருப்பவர் படுக்க இடம் உண்டா, 'நார்மலுக்கு இவ்வளவு, சிசேரியனுக்கு இவ்வளவு' என்ற பேக்கேஜில் எவையெல்லாம் அடங்கும், பிறந்த குழந்தையைப் பூக்கூடையில் வைத்துப் படமெடுத்துத் தருவார்களா என்று விசாரிக்கிறார்கள். 'ராசியான டாக்டரம்மா' என்று நாத்தனார் சொன்ன ஒரு சொல் மற்ற எல்லா ஆராய்ச்சிகளையும் வென்றுவிடுவதும் உண்டு.

இவற்றில் எதையும் நான் ஏளனம் செய்யவில்லை. கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் வைத்தியர் கிடைப்பது பெரிய பாக்கியமே. ஆனால் பத்துப் பிரசவங்களில் எட்டு அல்லது ஒன்பது, எந்த ஆஸ்பத்திரியில் நடந்தாலும் சுகமாகவே முடியக்கூடியவை. எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டில்தான் ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள வித்தியாசம் வெளிப்படுகிறது, அவை எவையென்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் இயலாது.

இரண்டு மணி நேரக் கணக்கு

பிரசவத்தில் தாயின் உயிரைக் கவரும் காரணங்களில் பிரதானமானது, குழந்தை பிறந்தபின் நிற்காமல் போகும் இரத்தப்போக்கு. ஒன்பது மாதமும் யாதொரு குறையுமின்றி இருந்த பெண்ணுக்கும் இது நேரலாம். கவனிக்கப்படாத பட்சத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் உயிருக்கே முடிவாகலாம். கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து, அதைத் திறம்படக் கொடுக்கும் செவிலியர், அதற்கும் அடங்காவிட்டால் அறுவைக்கு ஒரு வைத்தியர், மயக்க மருந்து கொடுக்க மற்றொருவர், ஏற்றுவதற்குப் பொருத்தமான இரத்தம் ஆகிய ஐந்தும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு கூரையின் கீழ் சேர வேண்டும்.

பகல் பதினொரு மணிக்கு இவை எங்கும் சேர்ந்துவிடும். நள்ளிரவு இரண்டு மணிக்கு எத்தனை இடங்களில் சேரும் என்பதே கேள்வி. நமது புறநகரின் சிறிய நர்சிங் ஹோம்களில் பலவற்றுக்குச் சொந்தமாக மயக்க மருந்து வைத்தியர் கிடையாது. நாலைந்து ஆஸ்பத்திரிகளுக்குப் பொதுவாக ஒருவர் இருப்பார்; அழைத்தால் வருவார். அவர் அதே வேளையில் வேறோர் அறுவை அரங்கில் நின்றுகொண்டிருந்தால், இங்கே வலியில் கிடக்கும் பெண்ணுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு கதியில்லை. இரத்தத்தின் கதையும் அவ்வாறே: கட்டடத்துக்குள்ளேயே இரத்தச் சேமிப்பு வைத்திருக்கும் இடங்கள் சில, மற்ற இடங்களில் கணவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து இரத்த வங்கிக்கு ஓடச் சொல்லுவார்கள்.

இன்னொரு சிறிய விஷயம், ஒருவரும் கவனிக்காதது. கீழே மருந்துக்கடையும் ஸ்கேன் அறையும், முதல் மாடியில் பிரசவ அறையும், இரண்டாம் மாடியில் அறுவை அரங்குமாக அமைந்த கட்டடங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். அவற்றின் லிஃப்டில் மனிதர் நால்வர் நிற்கலாம், ஸ்ட்ரெச்சர் நுழையாது. அத்தகைய இடத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற நேர்ந்தால், இரத்தம் வடியும் பெண்ணைத் திருப்பங்கள் உள்ள மாடிப்படியில் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டியிருக்கும். பிரசவத்துக்கு இடம் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறையின் சோபாவை விட்டுவிட்டு லிஃப்டின் கதவை அளந்து பார்ப்பது பயனுள்ளது.

சாலையும் மழையும்

வரைபடத்தில் ஆவடியிலிருந்து எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம்தான். ஆனால் பாடி மேம்பாலத்தையும், மதுரவாயல் சந்திப்பையும், மெட்ரோ ரெயில் வேலைகளால் குறுகிப்போன சாலைகளையும் மாலை ஏழு மணிக்குக் கடந்தவர்களுக்கு அந்தத் தூரத்தின் உண்மையான நீளம் தெரியும். தண்டவாளத்துக்கு ஒருபுறம் வீடும் மறுபுறம் ஆஸ்பத்திரியும் அமைந்தவர்கள், ரெயில்வே கேட் மூடும் நேரத்தையும் சுரங்கப்பாதையில் நீர் தேங்கும் நாட்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 2015 டிசம்பரில் கொரட்டூர் தெருக்களிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வெள்ளம் நின்றதைக் கண்டவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

கார்த்திகை, மார்கழியில் நாள் குறித்திருக்கும் பெண்ணுக்கு, எவ்வளவு சிறந்த ஆஸ்பத்திரியாயினும் அதற்குப் போகும் பாதையில் நீர் தேங்கும் இடம் ஒன்று இருந்தால், மாற்று வழியையோ மாற்று ஆஸ்பத்திரியையோ ஐப்பசிக்குள்ளேயே தீர்மானித்துக்கொள்வது விவேகம். 2008இல் தொடங்கிய 108 சேவை நம்மிடம் இருப்பது பெரிய உதவிதான். எனினும் ஆம்புலன்ஸும் தண்ணீரில் நீந்தாது.

எழும்பூரும் அதைப் பற்றிய நமது கூச்சமும்

சொந்த வீடும் மாதச் சம்பளமும் வந்தவுடன், 'சர்க்கார் ஆஸ்பத்திரியிலா?' என்று கேட்கும் கூச்சமும் நமது புறநகர்க் குடும்பங்களுக்குள் குடிபுகுந்துவிடுகிறது. 1844இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரி ஆசியாவின் மிகப் பழமையானவற்றில் ஒன்று. அதன் தலைமைப் பதவியை வகித்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூலை இன்றைய மாணவர்களும் திருத்திய பதிப்புகளில் படிக்கிறார்கள். தனியார் இடங்களில் நிலைமை கைமீறியபின் அனுப்பப்படும் பெண்கள் கடைசியில் வந்து சேரும் இடங்கள் எழும்பூரும், கீழ்ப்பாக்கமும், இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியுமே. கடைசியில் நம்பப்படும் இடத்தை முதலில் எண்ணிப் பார்ப்பதில் கௌரவக் குறைவு என்ன இருக்கிறது?

அரசு ஆஸ்பத்திரிகளில் 'சீமாங்' என்று வழங்கும் மையங்கள், சிக்கலான பிரசவங்களையும் பச்சிளங்குழந்தைகளையும் இரவும் பகலும் கவனிப்பதற்கென்றே ஏற்பட்டவை. 2011இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், அறுவை, மருந்து, இரத்தம், உணவு, வீடு திரும்பும் வாகனம் யாவும் இலவசம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987இல் தொடங்கிய நிதியுதவி, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பொருள்களுமாகச் சேர்ந்து 18,000 ரூபாயாக வளர்ந்திருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்து இ.எஸ்.ஐ. செலுத்தும் பெண்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பும் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் உரிமையாகவே உண்டு. அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தனியாரிடம் கடன் வாங்கிக் கட்டுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. வலியில் துடிக்கும் பெண்ணை ஏசுவதும், 'பையன் என்றால் இவ்வளவு, பெண் என்றால் இவ்வளவு' என்று வராந்தாவில் கை நீட்டுவதும் அரசு ஆஸ்பத்திரிகளில் இன்னும் ஒழியாத இழிவுகள். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் வழக்கத்தை 2004ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்த மாநிலம் இது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுகிறவர்கள் குறைவாக இருப்பது, கூச்சல் போடும் ஊழியருக்குச் சௌகரியமாக முடிகிறது. பணமுள்ளவர் இந்த அவமானத்துக்குப் பயந்து விலகுவதும், அவர்கள் விலகியபின் கேள்வி கேட்க ஆளில்லாமல் அந்த அவமானம் நிலைப்பதும் ஒன்றையொன்று வளர்க்கும் தீமைகளாக இருக்கின்றன.

கத்தியின் நியாய அநியாயங்கள்

சிசேரியன் பாவமன்று. நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மூடிக்கொண்டிருக்கும்போதும், குழந்தை குறுக்கே கிடக்கும்போதும், அதன் இதயத் துடிப்பு தளரும்போதும் இரண்டு உயிர்களைக் காப்பது அந்தக் கத்தியே. ஆனால் சமுதாயம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் விகிதம் 10 சதவீதத்தைத் தாண்டியபின் மரணங்கள் மேலும் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் தெரிவித்திருக்கிறது. நாமோ 2019–21இலேயே நாற்பத்தைந்தை எட்டிவிட்டோம்.

'கொடி சுத்தியிருக்கு', 'தண்ணி குறைஞ்சிடுச்சு', 'குழந்தை வெயிட்டா இருக்கு' என்ற மூன்று வாக்கியங்களைக் கேட்டுக் கையெழுத்திட்ட குடும்பங்கள் நமது தெருக்களில் எண்ணற்றவை. தண்ணீர் மெய்யாகவே அபாயமான அளவுக்குக் குறைவதுண்டு. ஆனால் கழுத்தில் கொடி சுற்றியிருப்பது நாலைந்து பிரசவங்களில் ஒன்றில் காணும் சகஜமான சங்கதி. அது மட்டுமே அறுவைக்குக் காரணமாகிவிடாது. 'துடிப்பு எப்படி இருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?' என்று நிதானமாகக் கேட்கும் கணவருக்கு நிதானமாக விளக்கும் வைத்தியரும், 'அப்புறம் நாங்கள் பொறுப்பல்ல' என்று பயமுறுத்தும் வைத்தியரும் ஒரே விதமான ஆஸ்பத்திரியை நடத்துகிறார்கள் என்று கொள்ள முடியாது.

குற்றம் முழுவதையும் பணத்தாசையின்மேல் ஏற்றுவதும் சரியன்று. முதற்பிரசவத்தின் வலி அரைநாளுக்கு மேலும் நீளும். தனியொருவராக ஆஸ்பத்திரி நடத்தும் வைத்தியர், பகல் முழுதும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்து அதற்குக் காவல் இருக்க வேண்டும். அறுவையோ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏதேனும் பிசகினால் கண்ணாடிக் கதவை உடைக்கும் உறவினர் கூட்டமும் அவர் கண் முன்னே நிற்கிறது. போதாக்குறைக்கு, பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'இன்ன நட்சத்திரத்தில், இன்ன லக்கினத்துக்குள் எடுத்துவிடுங்கள்' என்று வருகிறவர்களும் நம்மவர்களே. ஜாதகத்தைக் கத்தியால் எழுத முற்பட்ட முதல் தலைமுறை நாமாகத்தான் இருக்க வேண்டும்!

முதல் அறுவை பெரும்பாலும் இரண்டாவதையும் அறுவையாக்கிவிடுகிறது. பழைய தழும்பில் நஞ்சுக்கொடி ஊன்றிக்கொள்ளும் அபாயமும் ஒவ்வோர் அறுவைக்கும் கூடுகிறது. ஆகவே, ஓர் ஆஸ்பத்திரியின் தரத்தை அறிய விரும்புகிறவர் கேட்க வேண்டிய ஒரே எண், அங்கே முதற்பிரசவத்துக்கு வந்த பெண்களில் எத்தனை பேருக்குச் சிசேரியன் ஆயிற்று என்பது. பெரிய ஆஸ்பத்திரிகளின் மொத்தக் கணக்கு, சிக்கலான பிரசவங்கள் அங்கே குவிவதால் மயக்கக்கூடும். இந்தக் கணக்கு அவ்வளவாக மயக்காது.

வளைகாப்புக்குப் பின் நேரும் தடுமாற்றம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நமது சம்பிரதாயம். ஆறு மாதம் அம்பத்தூரில் ஒரு வைத்தியரிடம் காட்டிய பெண், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கிய கையோடு திண்டிவனத்துக்கோ திருநெல்வேலிக்கோ போய்விடுகிறாள். அவ்வாறே அங்கிருந்து இங்கே வருகிறவளும் உண்டு. புது வைத்தியருக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழைய சீட்டுகளில் பாதி இங்கேயே தங்கிவிடும். 'பழைய ரிப்போர்ட்டெல்லாம் எங்களுக்கு வேண்டாம், புதுசா எடுத்திடுங்க' என்று சொல்லும் இடங்களால் செலவும் இரட்டிக்கிறது.

மடித்து மடித்து ஓரம் கிழிந்த தாய்–சேய் நல அட்டையில் உள்ள சில வரிகள் உயிரைக் காப்பவை. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருக்கிறதா என்பது ஒன்று; தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகை உடையவர்கள் என்பதை முற்கூறிய தேசியக் குடும்பநல ஆய்வே சொல்லுகிறது, அத்தகைய உடல் சிறிது இரத்தம் போனாலும் தாங்காது. இரத்த வகை நெகட்டிவா என்பது மற்றொன்று. குழந்தையின் இரத்தம் பாசிட்டிவாக இருந்தால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி–டி ஊசி போட்டாக வேண்டும். மாதந்தோறும் குறித்த இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே வருகிறதா என்பது மூன்றாவது. கால் வீக்கத்தைச் 'சகஜந்தான்' என்று பாட்டி சொல்லிவிடுவதால் வலிப்பில் போய் முடிந்த கதைகள் பல.

செய்யத்தக்கவை

கர்ப்பம் உறுதியானவுடன், எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக உத்தேசித்திருந்தாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, 'பிக்மி' என்னும் கர்ப்பப் பதிவு எண்ணைப் பெற்றுவிட வேண்டும். நிதியுதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவை. இரத்தசோகை, சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, இரட்டைக்குழந்தை, முந்திய சிசேரியன் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், இரவில் வைத்தியரும் இரத்தமும் பச்சிளங்குழந்தைப் பிரிவும் உள்ள இடத்தையே, அது அரசுடையதாயினும் தனியாருடையதாயினும், தேர்ந்துகொள்ள வேண்டும். யாதொரு சிக்கலும் இல்லாதவர்கள் அருகிலுள்ள சிறிய இடத்தைத் தேர்வதில் பிழையில்லை. ஆனால் நிலைமை மாறினால் எங்கே அனுப்புவீர்கள், எந்த வாகனத்தில், கூட யார் வருவார் என்று ஏழாம் மாதத்துக்குள் கேட்டு, தெளிவான பதிலைப் பெற்றிருக்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் இடத்தை விட்டு விலக அப்போது அவகாசம் இருக்கும்.

குறித்த நாளுக்கு முன்னால் ஒருமுறை, இரவு பத்து மணிக்குமேல் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. வாசலில் காவலாளி மட்டும் இருக்கிறாரா, பணியில் செவிலியர் எத்தனை பேர், வைத்தியர் மாடியில் குடியிருக்கிறாரா அல்லது அண்ணாநகரிலிருந்து வர வேண்டியவரா என்பன அந்த ஒரு பார்வையில் புலப்படும். பேக்கேஜ் சீட்டில் குழந்தையைத் தீவிரப் பிரிவில் வைத்தால் நாளொன்றுக்கு எவ்வளவு என்ற வரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குடும்பங்களைக் கடனாளியாக்குவது பெரும்பாலும் அந்த வரியே. காப்பீடு வைத்திருப்பவர்கள், மகப்பேற்றுக்குக் காத்திருப்புக் காலம் உண்டென்பதைக் கலியாணமான வருஷமே விசாரிப்பது உசிதம்.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். குன்றத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம். வலி எடுத்த பெண்ணுக்கு இந்த எல்லைகள் ஒரே சாலையின் மூன்று துண்டுகள். ஆனால் மேற்குப் புறநகரின் பிரசவ வசதிகளை மொத்தமாகப் பார்க்கும் அதிகாரி ஒருவரும் இல்லை. மூன்று மாவட்டச் சுகாதார அதிகாரிகளும் கூடி, எந்த ஆஸ்பத்திரியில் இரவில் மயக்க மருந்து வைத்தியர் உண்டு, எங்கே இரத்தச் சேமிப்பு உண்டு, எங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவு உண்டு என்ற ஒரே பட்டியலை மூன்று மாதத்துக்கொருமுறை தமிழில் வெளியிட்டு, அதை 108 ஓட்டுநர்களுக்கும் கிராம, நகரச் செவிலியர்களுக்கும் கொடுக்கலாம்.

முதற்பிரசவச் சிசேரியன் விகிதத்தையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் தங்கள் சிசேரியன் விகிதத்தை வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டுமென்று 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் பணித்ததாகையால், இது கேள்விப்படாத கோரிக்கை அன்று. புதிய சட்டமும் வேண்டியதில்லை. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்வதற்கு 1997ஆம் ஆண்டுச் சட்டமும் 2018ஆம் ஆண்டு விதிகளும் நம்மிடம் உள்ளன. பதிவுச் சான்றைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் இந்த நான்கு விவரங்களையும் கட்டாயமாகக் கேட்டு, வந்த பதிலை நேரில் போய் ஓர் இரவு சரிபார்த்தால் போதும்.